மெருகேற்றினால் மதிப்புப் போச்சு: பழைய ராணுவ ரைஃபிள்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: "லாங் பிராஞ்ச் 1943" என்று பொறித்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4 (பிரிட்டிஷ் வகை ராணுவ) ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முன்கட்டையை (குழலுக்கு அடியிலுள்ள மரம்) பாதியில் வெட்டி வேட்டைத் துப்பாக்கி மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். பழைய ராணுவத் தோற்றத்துக்குக் கொண்டுவர முடியுமா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: வெட்டுப்பட்டது மரம் மட்டும் என்றால் முடியும். போர் முடிந்து மலிவாகக் கிடைத்த 303களை (.303 அங்குலத் தோட்டா போடும் இந்த வகை ரைஃபிள்களை) மான் வேட்டைக்காக எடை குறைத்துக்கொண்டவர்கள் கனடாவில் ஏராளம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருந்த ஆலையில் செய்த ரைஃபிள் அது. உதிரிப் பாகங்கள் இன்னும் சந்தையில் கிடைக்கின்றன.

பார்க்கப் போகும்போது அளவு நாடா எடுத்துப் போங்கள். காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) மூடி, குழல் வாய் வழியாக ஒரு கம்பியை விட்டு போல்ட் முகப்பு வரை அளந்தால் 25.2 அங்குலம், அதாவது 64 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் குழலையும் வெட்டியிருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். குழல் நுனியில் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் காதுகள் அராவப்படாமல் இருக்கின்றனவா? ரிசீவரின் (போல்ட் ஓடும் நடு இரும்பு உடல்) இடப்பக்கம் டெலஸ்கோப்புக்காகத் துளை போட்டிருக்கிறதா? துளையை அடைக்கலாம், மறைக்க முடியாது. விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

வாங்க வேண்டியவை: முழு நீள முன்கட்டை, முன்னும் பின்னுமாக இரண்டு ஹேண்ட்கார்டு (குழலை மேலே மூடும் மரத்துண்டு), மூன்று வளையங்கள், அவற்றின் ஸ்க்ரூக்கள், முன்குறி காப்பு. ஒவ்வொன்றாக வாங்கினால் கூட்டுத் தொகை ஒரு முழு ரைஃபிளின் விலையை எளிதில் தொட்டுவிடும். ரைஃபிளை மலிவாக வாங்கினால்தான் கணக்குக் கட்டுப்படியாகும்.

முன்கட்டை மாட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பார்க்கப் பொருந்தியது போல இருக்கும், சுட்டால் குறி சிதறும். கட்டையின் பின்முனையில் ரிசீவர் வந்து முட்டும் இரண்டு பரப்புகளும் சமமாகத் தாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் பின்னுதைப்பு முழுவதும் அங்கே விழுந்து மரம் பிளக்கும். ரிசீவரில் மெல்லிய விளக்குக் கரி தடவி மாட்டிக் கழற்றுங்கள். கரி ஒட்டிய மேட்டை மட்டும் சிறிது சிறிதாகச் சீவுங்கள். முனையில் கட்டை குழலை இரண்டு, இரண்டரை கிலோ விசையுடன் மேல்நோக்கித் தாங்க வேண்டும். விரலால் குழலைத் தூக்கிவிட்டால் 'டக்' என்று திரும்பி உட்காரும். உட்காரவில்லை என்றால் கட்டை வளைந்திருக்கிறது.

இன்னொன்று, நம்பர் 4 மார்க் 1 வகைகளில் டிரிகர், அதன் காப்பு வளையத்திலேயே தொங்குகிறது. மரம் சுருங்கினால் டிரிகரின் இடமும் மாறும். இரண்டு கட்டமாக இழுபட வேண்டியது ஒரே கட்டமாகிவிட்டால் சுடாதீர்கள். முன் ஸ்க்ரூவைச் சுற்றி இருக்க வேண்டிய சிறு உலோகக் குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கட்டைகளில் பெரும்பாலும் அதுதான் தொலைந்திருக்கும்.

போல்ட் கைப்பிடியிலுள்ள எண்ணும் ரிசீவரின் பின்பகுதியில் இடப்பக்கம் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். வேறாக இருந்தால் போல்ட் மாற்றப்பட்டிருக்கிறது. தோட்டா அமரும் இடைவெளியை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் தோட்டா போடக் கூடாது. .064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், .074இல் மூடக் கூடாது. மூடினால் 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகளில் அடுத்த எண்ணை மாட்டிச் சரிசெய்வார்கள். இதை கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) விடுங்கள்.

கனடாவில் லைசென்ஸ் இல்லாமல் இதை வாங்க முடியாது. 2022 மே முதல், விற்பவர் உங்கள் லைசென்ஸை அரசின் துப்பாக்கிப் பதிவாளரிடம் சரிபார்த்துக் குறிப்பு எண் பெற்ற பிறகே கைமாற்றலாம்.

கேள்வி: வாங்கிய ரைஃபிளின் மரம் கறுத்துப் பிசுபிசுக்கிறது, இரும்பில் பழுப்புத் துரு. மணல்காகிதம் போட்டு வார்னிஷ் அடிக்கலாமா? (வாசகர், மார்க்கம்)

பதில்: வேண்டவே வேண்டாம். சேகரிப்போர் பணம் கொடுப்பது பழைய மேற்பரப்புக்கும் அதில் பதிந்த முத்திரைகளுக்கும். மணல்காகிதம் அவற்றைத்தான் முதலில் தின்னும். பிறகு இரும்பு விளிம்புகளுக்குக் கீழே மரம் பள்ளமாகிவிடும். பட்ட பாட்டைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கறுப்பு என்பது பல பத்தாண்டு எண்ணெயும் அழுக்கும். மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைப்பான்) தோய்த்த துணியால் மரப்போக்கில் தேயுங்கள், துணி வெளுக்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஆழமாக ஊறிய இடத்தில் வெள்ளைச் சாக் தூளை மினரல் ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசி, உலர்ந்ததும் துடைத்தால் எண்ணெயை உறிஞ்சிவரும். நசுங்கிய பள்ளங்களுக்கு, ஸ்பிரிட் வாடை முழுவதும் போன பிறகு, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். ஆவியில் நார் எழும்பும். முத்திரைக்குப் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எழுத்தும் சேர்ந்து எழும்பிவிடும்.

கடைசியில் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய். பிரிட்டிஷ் ராணுவம் பூசியதும் அதுதான். சில சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மெதுவாகத்தான் உலரும், தடிமனாகப் பூசினால் மறுபடி பிசுபிசுப்புத்தான். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்து, வெளியில் உலரவிடுங்கள்.

இரும்புக்கு '0000' எஃகுக் கம்பளியும் மெல்லிய எண்ணெயும் போதும். அழுத்தாமல் தேய்த்தால் துரு எழும்பிவிடும், கருநீலப் பூச்சு தங்கிவிடும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கிகள் துருவோடு பூச்சையும் எடுத்துவிடும். குழலுக்குள் எண்ணெய் மட்டும் விட்டால் போதாது. பழைய தோட்டாக்களின் பிரைமர் (தீமூட்டும் மருந்து) விட்டுச்செல்வது உப்பு. அது எண்ணெயில் கரையாது. முதலில் கொதிநீர் ஊற்றி, உடனே துடைத்து உலர்த்தி, பிறகு எண்ணெய்.

கேள்வி: என் பழைய எஸ்எம்எல்இ மார்க் 3இன் (நம்பர் 4க்கு முந்தைய லீ என்ஃபீல்ட்) பின்கட்டை ஆடுகிறது. பின்னால் உள்ள நீண்ட போல்ட்டை (கட்டையை இறுக்கும் திருகாணி) முறுக்கினால் சரியாகுமா? (வாசகர், பிராம்ப்டன்)

பதில்: முன்கட்டையைக் கழற்றாமல் அதைத் தொடாதீர்கள்! அந்த போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையின் பின்முனையில் உள்ள தகட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியே திருகினால் தகடு சுழன்று கட்டையை உள்ளிருந்தே பிளக்கும். சந்தையில் கிடைக்கும் பிளந்த முன்கட்டைகளில் பல இப்படிப் பிளந்தவைதான். முன்கட்டையைக் கழற்றி, போல்ட்டை இறுக்கி, சதுர முனை தகட்டின் பள்ளத்துக்கு நேராக வரும்படி நிறுத்திய பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: நேபாளத்திலிருந்து வந்த மார்ட்டினி ஹென்ரி என்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா? (வாசகர், மிசிசாகா)

பதில்: கனடாவில் உண்மை. 1898க்கு முன் செய்தது, குழல் துளை 8.3 மி.மீ. அல்லது அதற்கு மேல், மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) இல்லாதது: மூன்றும் இருந்தால் பழம்பொருள். மார்ட்டினியின் துளை 11 மி.மீட்டருக்கு மேல். ஆனால் 1890களின் 303, துளை சிறியது என்பதால் எவ்வளவு பழையதானாலும் இதில் சேராது.

2003இல் காத்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிய சரக்கு இது. கெட்டியான கிரீஸும் மண்ணும் அப்பியிருக்கும். கழற்றும் முன் மரக்குச்சியைக் குழலில் விட்டு உள்ளே ஏதும் அடைத்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பழைய தோட்டா இருக்கலாம். திறக்கும் லீவர் (நெம்புகோல்) இறங்காவிட்டால் சுத்தியல் எடுக்காதீர்கள், துருப்பிடித்த ஸ்க்ரூக்களில் ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருங்கள். கட்டையில் தேவநாகரி எழுத்து இருந்தால் அதை அழிக்காதீர்கள். அது நேபாளப் படையின் பதிவு.

கேள்வி: "வி.ஆர்." என்ற கிரீட முத்திரையும் 1907 என்ற ஆண்டும் உள்ள எஸ்எம்எல்இ வாங்கலாமா? (வாசகர், லண்டன்)

பதில்: வி.ஆர். என்பது விக்டோரியா ராணியின் முத்திரை. அவர் 1901இலேயே இறந்துவிட்டார். இது பெஷாவர் பக்கத்து தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையால் செய்த நகலாகத்தான் இருக்கும். எழுத்துகளைப் பாருங்கள், ஓரிரண்டு தலைகீழாக இருந்தாலும் இருக்கும். சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது. விலையும் அதற்கேற்றபடி பேசுங்கள்.