குழாய் பதிக்க ஒருங்கிணைப்புக் குழு மட்டும் போதுமா?

கேள்வி: பொது நிர்வாகம் படிக்கிறேன். கனடாவின் வடபகுதியில் எண்ணெய்க் குழாய் போடும்போது அரசு, நிறுவனம், பூர்வகுடிகள் மூவரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தால் போதுமா? ஆய்வேட்டுக்கு எந்தத் திட்டத்தை எடுக்கலாம்?

பதில்: நார்மன் வெல்ஸ் குழாயை எடுங்கள். மெக்கன்சி ஆற்றங்கரையிலிருந்து ஆல்பர்ட்டாவின் ஸாமா வரை சுமார் 870 கிலோமீட்டர். 1985-இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது.

முன்கதையிலிருந்து ஆரம்பியுங்கள். மெக்கன்சி பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் போடலாமா என்று விசாரிக்க 1974-இல் நீதிபதி தாமஸ் பெர்கர் நியமிக்கப்பட்டார். 35 ஊர்களுக்கு நேரில் போய் மக்களைக் கேட்டார். பூர்வகுடி அமைப்புகள் தங்கள் தரப்பைத் தயாரித்து வாதாட அரசே பணம் தந்தது. என்னைக் கேட்டால், அந்த விசாரணையின் பெரிய சாதனை அதுதான். நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆயிரம் பக்கம் கொண்டுவரும் இடத்தில் ஊர்க்காரர்களை வெறுங்கையோடு உட்கார வைத்தால் பேச்சு நடக்காது. முதலில் நில உரிமையைத் தீருங்கள், அதற்காகக் குழாயை 10 ஆண்டுகள் தள்ளி வையுங்கள் என்றது 1977-இல் வந்த அவர் அறிக்கை.

ஆனால் 1981-லேயே நார்மன் வெல்ஸ் திட்டத்துக்கு ஒட்டாவா, அதாவது கனடாவின் கூட்டாட்சி அரசு, ஒப்புதல் கொடுத்துவிட்டது. அங்குள்ள பூர்வகுடிகளான டெனே, மேட்டி மக்களின் நில உரிமை அப்போதும் தீரவில்லை. உள்ளூர் மக்கள் தயாராகட்டும் என்று கட்டுமானத்தை மட்டும் இரண்டு ஆண்டுகள் தாமதப்படுத்தினார்கள். குழு உதவுவது இந்த மாதிரி விஷயங்களில்தான்: வேலைப் பயிற்சி, ஒப்பந்தங்கள், ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் உறைமண் உருகுகிறதா என்ற கண்காணிப்பு, எந்தத் துறை பதில் சொல்வது என்பது. நிலம் யாருடையது என்பதை எந்தக் குழுவாலும் தீர்க்க முடியாது. அதோடு, குழாய்க்கு எண்ணெய் தந்த நார்மன் வெல்ஸ் எண்ணெய் வயலில் கூட்டாட்சி அரசுக்கே மூன்றில் ஒரு பங்கு இருந்தது. பங்குதாரர் நடுவராகவும் இருந்தால் டெனே மக்கள் எப்படி நம்புவார்கள்?

அப்புறம் ஒவ்வொரு பூர்வகுடி மக்களோடும் நில ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன: இனுவியலுயிட் 1984, குவிச்சின் 1992, சாத்து 1993. அதனால் மெக்கன்சி எரிவாயுத் திட்டம் மீண்டும் எழுந்தபோது, குழாயில் மூன்றில் ஒரு பங்கை வாங்கும் வாய்ப்போடு பூர்வகுடிகள் ஒரு கூட்டாகச் சேர்ந்து பேச வந்தார்கள். ஒப்பந்தம் முடியாத டெச்சோ மக்கள் அந்தக் கூட்டில் சேரவில்லை. 2004-இல் அமைந்த ஆய்வுக் குழு 2009 கடைசியில்தான் அறிக்கை தந்தது. 2011-இல் அனுமதி வந்தது. 2017-இல் நிறுவனங்கள் கைவிட்டன. கலந்தாலோசனை இழுத்ததால் செத்த திட்டம் என்பார்கள். தாமதம் உண்மைதான், ஆனால் ஷேல் வாயு (களிப்பாறையை உடைத்து எடுக்கும் எரிவாயு) வந்து விலை சரிந்ததுதான் பெரிய அடி என்று நினைக்கிறேன்.

ஆய்வேட்டில் நார்மன் வெல்ஸ் குழாயையும் மெக்கன்சி எரிவாயுத் திட்டத்தையும் ஒப்பிடுங்கள். கூட்டக் குறிப்புகளோடு நிற்காமல், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது, பூர்வகுடிகளின் நிபுணர்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள், லாபத்தில் யாருக்குப் பங்கு என்ற மூன்றையும் ஒவ்வொரு கட்டத்திலும் தேடுங்கள்.