உபுண்டு சர்வரை ரீபூட் செய்யாமல் விடலாமா?

வணக்கம். கடையின் பில்லிங் ஓடும் உபுண்டு சர்வரில் அப்டேட் எல்லாம் போட்டாயிற்று, லினக்ஸுக்கு ரீபூட் தேவையில்லை என்கிறார்களே, அப்படியே விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். நீங்கள் கொடுத்த அப்டேட் பட்டியலில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், இணையத் தகவல்களைக் குறியாக்கிப் பாதுகாக்க மற்ற நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டும் இருக்கின்றன.

கெர்னலில் குழப்பமே இல்லை. புதியது வட்டில் இறங்கிவிட்டது, ஓடுவது இன்னும் பழையதுதான். ரீபூட் செய்தால்தான் மாறும்.

பலரை ஏமாற்றுவது ஓப்பன்எஸ்எஸ்எல். பயன்பாட்டில் இருக்கும் கோப்பையே லினக்ஸில் மாற்றிவிடலாம் என்பதால் அப்டேட் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர், நீக்கப்பட்ட பழைய கோப்பையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அப்டேட் போட்டால் மட்டும் போதவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எலைப் பயன்படுத்தும் சேவைகளையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. எந்தெந்தச் சேவைகள் என்பதை நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி காட்டும். சி மொழியின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி மாறினாலோ, ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதை நம்பியிருப்பதால், ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட ரீபூட்டே நிம்மதி.

ரீபூட் தேவைப்படும்போது 'ரீபூட் ரிக்வயர்ட்' என்ற கோப்பை உபுண்டு தானே உருவாக்கி வைக்கும். காரணமான தொகுப்புகளின் பெயர்களும் பக்கத்துக் கோப்பில் இருக்கும். இனி ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதைப் பாருங்கள்.

இன்றிரவு கடை மூடியதும் முதலில் பேக்கப் எடுங்கள். டேட்டாபேஸ் தானாகத் தொடங்கும்படி அமைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் அணைக்காத இயந்திரம் என்கிறீர்கள். ஆகவே தொலைவிலிருந்து வேண்டாம், திரையை இணைத்து எதிரிலேயே உட்கார்ந்து ரீபூட் செய்யுங்கள்.