ரிமோட் சொல்வதை ஏ.சி. கேட்கும், ஏ.சி. சொல்வதை யார் கேட்பது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே வெளி யூனிட்டுடன் இணைந்த இரண்டு சுவர் யூனிட்டுகள் இருக்கின்றன. ஒன்று கூடத்தில், மற்றொன்று பெற்றோரின் அறையில். குளிரூட்டவும் வெப்பமூட்டவும் இவற்றையே நம்பியிருக்கிறோம். வாங்கியபோது வைஃபை வசதி இல்லை. வேலை முடிந்து கிளம்பும்போதே போனில் இயக்கவும், வெளியூரில் இருக்கும்போது பெற்றோர் அறையின் வெப்பநிலையைப் பார்க்கவும் விரும்புகிறேன். பெற்றோர் பழைய ரிமோட்டைத்தான் பயன்படுத்துவார்கள். ஸ்மார்ட் பிளக் போதுமா, அகச்சிவப்புக் கருவி வாங்கலாமா, அல்லது நிறுவனம் விற்கும் அடாப்டர்தான் வேண்டுமா?

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் விடை இருக்கிறது: பெற்றோர் ரிமோட்டைத்தான் பயன்படுத்துவார்கள். ஒரே ஏ.சி.யை இரண்டு கைகள் இயக்கப்போகின்றன. ஒரு கை என்ன செய்தது என்பது மற்றதற்குத் தெரிய வேண்டும். எனவே எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இது ஏ.சி.க்குக் கட்டளை மட்டும் இடுமா, ஏ.சி. சொல்லும் பதிலையும் வாங்குமா?

போனிலிருந்து மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் ஸ்மார்ட் பிளக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். உங்களுடையதைப் போன்ற மல்ட்டி ஸ்பிளிட் அமைப்புகளில் பெரும்பாலும் உள் யூனிட்டுக்கு மின்சாரம் வெளி யூனிட்டிலிருந்தே வருகிறது. பிளக் செருக இடமே இருக்காது. இடம் இருந்தாலும் கூடாது. இன்வெர்ட்டர் ஏ.சி.க்கு நின்று அடங்க ஒரு முறை உண்டு: கம்ப்ரசர் வேகம் குறைய வேண்டும், குளிர்பதனப் பொருளை அளந்து விடும் வால்வு தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும், விசிறி ஓய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் இவை எதுவும் நடக்காது. தவிர, குளிர்காலத்தில் பல வெளி யூனிட்டுகள் சும்மா இருக்கும்போதும், குளிர்பதனப் பொருள் எண்ணெயில் கலந்து அதை நீர்த்துவிடாமல் இருக்க, கம்ப்ரசரைச் சூடாகவே வைத்திருக்கும். மின்சாரம் இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

அடுத்து, போனில் நீங்கள் இடும் கட்டளையை ரிமோட்டைப் போலவே ஒளியாக ஏ.சி.க்கு அனுப்பும் அகச்சிவப்புக் கருவி. மலிவானது, ஏ.சி.யைத் திறக்க வேண்டியதில்லை, பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது என்ன செய்கிறது என்பது புரிந்தால்தான் அதன் எல்லை புரியும். ரிமோட்டின் நுனியை உங்கள் போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி திரையில் இளம் ஊதா நிறத்தில் படபடவென்று மினுங்கும். நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும் ஒளி அது. அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதுதான் அதன் மொழி.

டி.வி. ரிமோட்டுக்கும் ஏ.சி. ரிமோட்டுக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு. டி.வி. ரிமோட் 'ஒலியைக் கூட்டு' என்று ஒரு சிறு செய்தியை மட்டும் அனுப்பும்; பரவலாகப் புழங்கும் முறையில் அது 32 பிட். ஏ.சி. ரிமோட்டில் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினாலும் மொத்த நிலவரமும் சேர்ந்தே போகும்: இயக்கமா நிறுத்தமா, குளிரா வெப்பமா, எத்தனை டிகிரி, விசிறி வேகம், காற்றுத் தகடு நிற்கும் கோணம். மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கின் பல ரிமோட்டுகள் ஒவ்வோர் அழுத்தலுக்கும் 144 பிட் அனுப்புகின்றன. ஏ.சி. ரிமோட்டில் மட்டும் சிறு திரை இருப்பதன் காரணம் இதுதான். நிலவரம் ரிமோட்டின் நினைவில் இருக்கிறது, அதை ஏ.சி. வாங்கிக்கொள்கிறதே தவிர, திருப்பி ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது உங்கள் வீட்டில் நடக்கப்போவதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் போனில் 22 டிகிரி வெப்பம் வைக்கிறீர்கள். அம்மா ரிமோட்டை எடுத்து நிறுத்துகிறார். போனில் இன்னமும் 22 டிகிரி என்றே இருக்கும். அடுத்த முறை நீங்கள் விசிறி வேகத்தை மட்டும் மாற்றினாலும், நிறுத்தியிருந்த ஏ.சி. தானாக ஓடத் தொடங்கும். மொத்த நிலவரமும் சேர்ந்துதானே போகிறது! நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு வீட்டில், போன் 'நிறுத்தம்' என்று காட்டிய அறையில் இரண்டு நாட்களாக வெப்பம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தவறு செய்யவில்லை. அந்த ஏற்பாட்டில் ஏ.சி. தன் நிலையைச் சொல்ல வழியே இல்லை.

சில அகச்சிவப்புக் கருவிகள் ரிமோட்டின் ஒளியைத் தாங்களும் 'கேட்டு' போனில் திருத்திக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படுக்கையில் இருந்தபடி ஏ.சி.யை நோக்கி அழுத்தும்போது, அலமாரியின் மேல் இருக்கும் கருவிக்கு அந்த ஒளி எட்ட வேண்டுமே! எட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நீங்கள் ஒருவரே இருக்கும் வீடாக இருந்தால் இதையே வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். பெற்றோரின் அறைக்கு இதை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு ஏற்றது மூன்றாவது வழி: உள் யூனிட்டின் சர்க்யூட் போர்டோடு கம்பியால் இணையும் வைஃபை அடாப்டர். பல நிறுவனங்கள் வைஃபை இல்லாத மாடல்களிலும் இதற்கென ஒரு சாக்கெட்டை விட்டு வைத்திருக்கின்றன. மிட்சுபிஷி எலெக்ட்ரிக் போர்டுகளில் 'சி.என்.105' என்று அச்சிட்ட ஐந்து முனைச் சாக்கெட் அது. டைக்கினின் பல மாடல்களில் அதன் பெயர் 'எஸ்21'. மைடியா யூனிட்டுகளில் யு.எஸ்.பி. போன்ற வாய் இருக்கும். தோற்றம் மட்டுமே யு.எஸ்.பி.; அதில் கணினியையோ சார்ஜரையோ செருகிவிடாதீர்கள். இந்தச் சாக்கெட்டுகளில் பேச்சு இரு வழியிலும் நடக்கிறது. அம்மா ரிமோட்டை அழுத்தினால் ஏ.சி.யே அதை அடாப்டருக்குச் சொல்லும், சற்று நேரத்தில் உங்கள் போனில் மாறிவிடும். அறை வெப்பநிலையும் பெரும்பாலும் கிடைக்கும். பழுதுக் குறியீடு தருபவையும் உண்டு. வெளியூரில் இருந்து பெற்றோரின் அறையைக் கவனிக்க வேண்டிய உங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டு உள் யூனிட்டுகளுக்கும் தனித்தனி அடாப்டர் தேவை. வெளி யூனிட்டுக்கு வேண்டாம். வாங்குவதற்கு முன் உள் யூனிட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைப் படம் எடுத்து, அடாப்டரின் பொருத்தப் பட்டியலில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வரிசையில் கடைசி ஓர் எழுத்து மாறினாலும் சாக்கெட் இல்லாமல் போவதுண்டு.

மின்னணுவில் கைப்பழக்கம் உள்ளவர்கள் இதே சாக்கெட்டில் இ.எஸ்.பி.32 போன்ற, வைஃபை உள்ள சிறு சிப்பை இணைத்து, வீட்டுக் கருவிகளை இயக்கும் 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற மென்பொருள் வழியாக இயக்குகிறார்கள். நிறுவனத்தின் சர்வரையே நம்பாமல் வீட்டுக்குள்ளேயே எல்லாம் நடக்கும் என்பதால் எனக்கும் பிடித்த வழிதான். சி.என்.105-இல் நொடிக்கு 2,400 பிட் வேகத்தில் நிதானமாகப் பேச்சு நடக்கிறது. அதன் சமிக்ஞை 5 வோல்ட், சிப்போ 3.3 வோல்ட்டுக்கானது என்பதை மறக்கக் கூடாது. அதைவிட முக்கியமானது: சில யூனிட்டுகளில் இந்தத் தாழ்மின் பகுதியும் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாமல் இருக்கலாம். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பிரேக்கரை இறக்கி, காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்துத் தொடும் பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். நிறுவனத்தின் அடாப்டரையும் தொழில்நுட்பரை வைத்தே பொருத்துங்கள், உத்தரவாதமும் காப்பாற்றப்படும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: சுவரில் மாட்டும் சாதாரண ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை வாங்கிவிடாதீர்கள். அவை 24 வோல்ட் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்காக உருவானவை. ஸ்பிளிட் ஏ.சி.யின் உள், வெளி யூனிட்டுகளுக்கு இடையே ஓடும் கம்பிகளில் அந்த ஏற்பாடு இல்லை. வீட்டு மின்சாரமும் தரவுச் சமிக்ஞையும் அவற்றில் சேர்ந்தே போகின்றன. தவறாக இணைத்தால் போர்டு எரிந்துவிடும்.

இனி, இணைத்த பிறகு. ஒரே வெளி யூனிட்டில் இரண்டு உள் யூனிட் என்பதால் உங்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. சாதாரண மல்ட்டி ஸ்பிளிட்டில் ஓர் அறை வெப்பத்திலும் மற்றொன்று குளிரிலும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. கூடத்துக்கு நீங்கள் போட்டு வைத்த நேர அட்டவணை குளிரைத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு பெற்றோர் வெப்பத்தைக் கேட்டாலும் அந்த யூனிட் விளக்கைச் சிமிட்டியபடி சும்மா நிற்கும். ஏ.சி. கெட்டுவிட்டது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். குளிரா வெப்பமா என்று ஏ.சி.யே முடிவெடுக்கும் 'ஆட்டோ' முறையை இரண்டு அறைகளிலும் தவிர்த்துவிட்டு, பருவத்துக்கு ஏற்ப இரண்டையும் குளிருக்கோ வெப்பத்துக்கோ நீங்களே மாற்றி வையுங்கள்.

போன் கையில் வந்ததும் அடிக்கடி அணைத்து இயக்கும் ஆசை வரும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்போதுதான் மின்சாரத்தை நன்றாக மிச்சப்படுத்துகிறது. முழுக்கக் குளிர்ந்த அறையை அரை மணி நேரத்தில் சூடாக்கச் சொன்னால் அது முழு வேகத்தில் உழைக்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். பெற்றோர் நாள் முழுவதும் இருக்கும் அறையில் அணைக்கவே வேண்டாம். இரவில் ஓரிரு டிகிரி மாற்றினால் போதும். கூடத்தை மட்டும், வேலையிலிருந்து கிளம்பும்போது இயக்கிக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையைப் பற்றியும் ஒன்று. ஏ.சி.யின் சென்சார் சுவரின் உச்சியில் இருக்கிறது. வெப்பக் காற்று மேலே போய்த் தங்குவதால், போனில் 23 என்று காட்டும் நேரத்தில் படுக்கை உயரத்தில் அதைவிடக் குறைவாக இருக்கலாம். பல நிறுவனங்கள் இதற்காகக் கணக்கில் சற்றுக் கழித்துக்கொள்கின்றன. எல்லா அறைக்கும் அது பொருந்துவதில்லை. அம்மாவின் கட்டிலருகே ஒரு சிறு வெப்பமானியை வைத்து, ஒரு வாரம் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை டிகிரி வித்தியாசம் என்று தெரிந்துவிட்டால், வெளியூரில் இருக்கும்போது அந்த எண்ணை நம்பிப் படிக்கலாம்.

வைஃபை விஷயத்தில் சிக்குபவர்கள் ஏராளம். இந்த அடாப்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். உங்கள் ரௌட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகிறது என்றால், இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வையுங்கள். மூடியை மூடிய பிறகு சிக்னல் குறையவும் வாய்ப்புண்டு. ஆகவே தொழில்நுட்பர் கிளம்புவதற்கு முன், மூடிய நிலையில் போனிலிருந்து ஒருமுறையும் ரிமோட்டிலிருந்து ஒருமுறையும் இயக்கச் சொல்லி, இரண்டும் போனில் சரியாகக் காட்டுகின்றனவா என்று நின்று பாருங்கள்.

கட்டாயம் அல்ல என்றாலும், அடாப்டர் 'மேட்டர்' தரத்தை ஆதரிக்கிறதா என்று கேட்டு வையுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகள் ஒரே மொழியில் பேசுவதற்காக 2022 அக்டோபரில் வந்த இந்தப் பொதுத் தரம், 2023 அக்டோபரில் வெளியான 1.2 பதிப்பில் அறை ஏ.சி.களையும் சேர்த்துக்கொண்டது. அது இருந்தால் நிறுவனத்தின் சர்வர் ஒருநாள் மூடப்பட்டாலும் வீட்டுக்குள் இயக்க முடியும்.

பெற்றோரின் ரிமோட்டுக்கு மாற்று பேட்டரி ஒரு ஜோடி வாங்கி அதே அலமாரியில் வைத்துவிடுங்கள். இணையம் போகும் இரவில் அவர்கள் கை அதைத்தான் தேடும்.