மத்திய அரசை விமர்சித்து நோட்டீஸ் அடிக்கலாமா? சோமனூர் தறிக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: வக்கீல் அய்யாவுக்கு வணக்கமுங்க. சோமனூர் பக்கம் பதினாறு நாடா தறி கூலிக்கு ஓட்டறேன். எங்க ஊர்த் தறிக்காரங்க பத்துப் பதினஞ்சு பேரு, எந்தக் கட்சியிலும் சேராம, மத்திய அரசு எங்க தொழிலுக்கு என்ன பண்ணுச்சு, என்ன பண்ணலைன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சு இந்தத் தேர்தல்ல வீடு வீடாக் குடுக்கலாம்னு இருக்கறோம். பல்லடத்துல அச்சகத்துக்குப் போனா, "எலக்சன் டைம்ல கவர்மெண்ட எதுத்து அடிச்சா மெசினத் தூக்கீட்டுப் போயிருவாங்க, வேண்டாமுங்க"ன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாரு. நெசமாவே அடிக்கக் கூடாதுங்களா? எழுதி வெச்சதப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். பாத்துச் சொல்லுங்க.

பதில்: தாராளமாக அடிக்கலாம். ஓர் அரசு பதவியில் இருந்தபோது என்ன செய்தது என்று கேட்பதற்குத் தேர்தலை விட்டால் வேறு நல்ல நேரம் கிடையாது. தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதியே இதைத்தான் சொல்கிறது: மற்றக் கட்சிகளை விமர்சிப்பதானால் அவற்றின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு, பணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சரிபார்க்காத குற்றச்சாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். அந்த விதி கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் எழுதப்பட்டது. ஆனாலும் உங்கள் நோட்டீஸுக்கு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அரசின் நடவடிக்கையை எவ்வளவு காரமாக விமர்சித்தாலும், வன்முறையைத் தூண்டாத வரை அது தேசத்துரோகம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1962லேயே கேதார்நாத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

அப்படியானால் அச்சகக்காரர் ஏன் பயப்படுகிறார்? அவர் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இல் 127ஏ என்று ஒரு பிரிவு உண்டு. தேர்தல் நோட்டீஸோ போஸ்டரோ எதுவானாலும் அச்சிட்டவர் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி நான்கும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் இன்னார் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டு, தன்னை நேரில் தெரிந்த இரண்டு பேரின் சான்றொப்பத்தோடு இரண்டு படியாக அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சகம் அதில் ஒரு படியையும் அடித்த நோட்டீஸையும் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மூன்று நாளுக்குள் அனுப்பச் சொல்லித் தேர்தல் ஆணையத்தின் உத்தரவு இருக்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எந்த மாவட்ட ஆட்சியர் என்பதில் நம் பக்கத்தில் அடிக்கடி குழப்பம் வருகிறது. நீங்கள் சோமனூர், கோவை மாவட்டம். ஆனால் சட்டம் பார்ப்பது அச்சடித்த இடத்தை. பல்லடத்தில் அடித்தால் திருப்பூர் ஆட்சியருக்கு. செலவு குறையும் என்று சிவகாசிக்குப் போனால் விருதுநகர் ஆட்சியருக்கு. "அச்சகமே வேண்டாம், ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கையால் எழுதிப் பிரதி எடுப்பதைத் தவிர மற்ற எல்லா முறையும் அச்சிடுவதாகவே இந்தப் பிரிவில் கருதப்படும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தேர்தலில், நடுத்தர வயது அச்சகக்காரர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு என் அலுவலகத்துக்கு வந்தார். விரல் இடுக்கில் மை காயவில்லை. கையில் அவர் அடித்த நோட்டீஸ் ஒன்று, அடிப்பகுதி வெறுமையாக இருந்தது. அதில் எழுதியிருந்த காரசாரமான வரிகளில் ஒன்றைக்கூட அதிகாரிகள் கேட்கவில்லை. "யார் அடித்தது, யார் வெளியிட்டது, ஏன் போடவில்லை?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரோ போனை எடுக்கவில்லை. அந்த மனிதரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆகவே உங்கள் அச்சகக்காரரிடம் கோபப்படாதீர்கள். உறுதிமொழியையும் சான்றொப்பமிடும் இரண்டு பேரையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

இப்போது நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டை வெட்டியே ஆக வேண்டும், ஒன்றைக் கண்டிப்பாக எடுக்க வேண்டும், மூன்றைத் திருத்தினால் நன்றாக நிற்கும்.

வெட்ட வேண்டியவை: "கரண்டு பில்லை ஏத்துனது மத்திய அரசு", "கூலி உயர்வு தராத மத்திய அரசு". தமிழ்நாட்டில் மின்கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022 செப்டம்பர் உயர்வும் அதன் உத்தரவில்தான் வந்தது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023 மார்ச் முதல் 1,000 யூனிட்டாக உயர்த்தியதும் மாநில அரசு. கூலி உங்களுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். அதற்குப் பஞ்சாயத்துப் பேச வருபவர்கள் மாவட்ட ஆட்சியரும் மாநில அமைச்சர்களும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த இரண்டு வரியை வைத்து எதிரில் இருப்பவர் உங்கள் மொத்த நோட்டீஸையும் பொய் என்று சொல்லிவிடுவார். நியாயமான மூன்று கேள்விகளும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும். மாநில அரசிடம் கேட்க வேண்டியதை மாநில அரசிடமே கேளுங்கள், அதற்குத் தனி நோட்டீஸ் போடுங்கள்.

எடுக்க வேண்டியது, வேட்பாளர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய அந்த வரி. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றி, உண்மை என்று தானே நம்பாத ஒன்றைத் தேர்தலைப் பாதிக்கும் நோக்கில் வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 175ஆம் பிரிவில் குற்றம். அவதூறு வழக்கும் தனியாக வரும். சட்டத்தை விடுங்கள், அது உங்கள் தொழில் பிரச்சினையே இல்லையே.

இனி நிற்கக்கூடிய மூன்று. முதலில் பணமதிப்பிழப்பு. "கறுப்புப் பணம் ஒழிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நல்ல கேள்வி, கூடவே எண்ணையும் போடுங்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அன்று புழக்கத்தில் இருந்த அந்த நோட்டுகளின் மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். அதில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது என்று 2018இல் ரிசர்வ் வங்கியே தன் ஆண்டறிக்கையில் சொன்னது. இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. இதோடு உங்கள் ஊரில் நடந்ததைச் சேருங்கள். அந்த நவம்பரில் நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. சேமிப்புக் கணக்கில் 24,000. சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்காக நிற்கும் ஆட்களுக்கு அந்த வாரங்களில் என்ன பதில் சொன்னீர்கள்? அதை இரண்டு வரியில் எழுதுங்கள், படிக்கிறவருக்கு உடனே புரியும்.

அடுத்து, "ஜிஎஸ்டி போட்டுத் தறிய முடக்குன அரசு". இந்த வரி இப்படியே இருந்தால் தாங்காது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தது. கூலிக்கு நெய்பவரின் வருடக் கூலி வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவே தேவையில்லை. "உனக்கு ஜிஎஸ்டியே இல்லையே, நீ எதுக்குக் கத்தறே?" என்று எவராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? பாதிப்பு இருந்தது, அது வந்த வழி வேறு. செயற்கை இழைக்கு 18, அதன் நூலுக்கு முதலில் 18, பிறகு 12, துணிக்கு 5 என்று வரியைத் தலைகீழாக வைத்தார்கள். நூலில் கட்டிய அதிகப்படி வரி துணிக்காரர் கணக்கில் தேங்கி நின்றது. அதைத் திருப்பிக் கேட்க 2018 ஆகஸ்ட் 1 வரை வழியே இல்லை. அதுவரை தேங்கியது காலாவதி என்றும் அறிவித்தார்கள். அந்த நிபந்தனையைப் பிறகு குஜராத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த அடி நேராக விழுந்தது, செயற்கை இழையான ரேயானில் நெய்யும் ஈரோட்டுக்காரர்கள் மேல். பருத்திக் காடா, அதாவது சாயம் ஏற்றாத துணி, ஓட்டும் உங்களுக்கு நூலும் 5, துணியும் 5. அதனால் இந்தப் புகாரை அவர்கள் சார்பில் எழுதுங்கள், உங்கள் புகாராக எழுதாதீர்கள். இழைக்கும் நூலுக்கும் 5 சதவீதமாகக் குறைத்தது 2025 செப்டம்பர் 22இல்தான். எட்டு வருடம் ஏன் ஆனது என்ற கேள்வி மிகவும் நியாயமானது. குறைத்தார்கள் என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் ஓட்டு மதிப்பு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு, எதுவும் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். மத்திய அரசு இசையாமல் எதுவும் நடக்காது, அது மட்டும் நினைத்தாலும் நடக்காது. "முதன்மைப் பொறுப்பு" என்று எழுதினால் சரியாக இருக்கும்.

மூன்றாவது பஞ்சு வரி. உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவானது இதுதான், ஆனால் நீங்கள் ஒற்றை வரியில் கடந்துபோய்விட்டீர்கள். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு வரி போட்டார்கள். சுங்கம் 5, வேளாண் கட்டமைப்பு வரி 5, மேல்வரி சேர்த்து 11 சதவீதம். அடுத்த வருடம் பஞ்சு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கண்டி என்றால் 356 கிலோ. வரியை நீக்கச் சொல்லி மில்காரர்களும் பின்னலாடைக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதினான்கு மாதம் கழித்து, 2022 ஏப்ரல் 14இல்தான் நீக்கினார்கள், அதுவும் அந்த அக்டோபர் வரைக்கும். அடுத்த மாதமே நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூர் இரண்டு நாள் அடைத்துக் கிடந்தது. பிறகு வரி திரும்ப வந்தது. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை மீண்டும் விலக்கு. "வரிய எடுக்கவே இல்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. "தாமதமாக எடுத்தார்கள், திரும்பப் போட்டார்கள்" என்று தேதியோடு எழுதினால் அசைக்க முடியாது. பஞ்சு விலை ஏறியதற்கு உலகச் சந்தையும் விளைச்சலும் காரணம் என்று பதில் வரும். அது உண்மைதான். வரி மட்டும் முழுக்க டெல்லியின் கையில் இருந்தது, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். நம் ஊர்ப் பருத்தி விவசாயிக்கு அந்த வரி பாதுகாப்பு என்ற வாதமும் உண்டு, அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய போட்டோவில், வரைவு எழுதிய தாளுக்கு அடியில் உங்கள் பாவுக் கணக்கு நோட்டு விரித்தபடி தெரிகிறது. பாவு, அதாவது தறியில் ஏற்ற உற்பத்தியாளர் தரும் நீளவாட்டு நூல், வந்த தேதி, மீட்டர், கூலி என்று கோடு போட்ட பக்கம். 2022 மே மாதம். நான்கு வரி தொடர்ந்து "பாவு இல்லை", "பாவு இல்லை" என்று சிவப்புப் பேனாவில் எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவும் தறி ஓட்டியவர், அந்தச் சிவப்பு மையின் அர்த்தம் எனக்குத் தெரியும். கூலிக்கு ஓட்டும் நீங்கள் நூல் வாங்குவதில்லை. நூல் விலை எகிறினால் உற்பத்தியாளர் பாவு கொடுப்பதை நிறுத்துவார், உங்கள் தறி நிற்கும். வங்கித் தவணை நிற்காது. பஞ்சு வரி டெல்லியிலிருந்து உங்கள் தறிக்கூடத்துக்கு வந்து சேரும் பாதை இதுதான். அந்தப் பக்கத்தைப் படமாகவே நோட்டீஸில் போடுங்கள். உங்களோடு சேர்ந்திருக்கும் பத்துப் பதினைந்து பேரும் தங்கள் நோட்டைப் பார்த்து, அந்த வருடம் எத்தனை நாள் பாவு இல்லாமல் நின்றது என்று எண்ணிக் கூட்டிப் போட்டால், எந்தப் பேச்சாளரும் அதற்கு ஈடாக மாட்டார். ஆதாரம் கேட்டால் நோட்டைக் காட்டலாம்.

2020 ஆகஸ்டில் அகில இந்திய விசைத்தறி வாரியத்தைக் கலைத்ததையும், தறி நவீனப்படுத்த மானியம் தந்த திருத்தப்பட்ட தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் 2022 மார்ச்சோடு முடிந்ததையும் சேர்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் விவரம் கேட்கலாம் என்று தோன்றும். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, பிரசாரத்துக்குள் வந்து சேராது. ரிசர்வ் வங்கி அறிக்கைகளும் சுங்க அறிவிக்கைகளும் இணையத்தில் இருக்கின்றன, அச்சுக்குப் போகும் முன் தேதிகளை ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு விஷயம் சுருக்கமாக. ஒரு வேட்பாளரை ஜெயிக்க வைப்பதற்காக, அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நோட்டீஸுக்கோ கூட்டத்துக்கோ செலவு செய்தால் அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். அதனால் "இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்ற வரியோ, சின்னமோ, கட்சிக் கொடி நிறமோ வேண்டாம். பத்துப் பேர் போட்ட பணத்துக்குக் கணக்கு எழுதி வையுங்கள். சாதிப் பெயரும் சாமி பெயரும் நோட்டீஸில் வரக்கூடாது. கோயில் நோம்பிக் கூட்டத்தில் கொடுப்பதையும் தவிருங்கள், வழிபாட்டுத் தலத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்று நடத்தை விதி சொல்கிறது. கூட்டம் போடுவதாக இருந்தால் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கூட்டமே கூடாது. வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் இந்தத் தாளோடு நிற்காதீர்கள்.

கொடுக்கும்போது யாராவது மிரட்டினால் தேர்தல் உதவி எண்ணான 1950க்குப் போன் செய்யுங்கள், அல்லது தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் படத்தோடு பதிவிடுங்கள். பறக்கும் படை நிறுத்தினால், உறுதிமொழியின் ஒரு நகலும் அச்சக ரசீதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

வெளியிடுபவராக யார் கையெழுத்திடுவது என்று இன்றைக்கே உங்களுக்குள் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த, கேள்வி வந்தால் நின்று பதில் சொல்லக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். திருத்திய வரைவை நோட்டுப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புங்கள், அச்சுக்குப் போகும் முன் படித்துத் தருகிறேன்.