இங்கிலாந்தின் கெண்ட் கவுண்டியில் ஊருக்கு ஊர் பழைய பப் இருப்பது ஏன்? இன், ஹோட்டல் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. பப்புக்கு முன்னோடியான ஏல்ஹவுஸ் என்பது வீட்டிலேயே பீர் காய்ச்சி வீட்டு முன்னறையில் விற்ற இடம். இன் என்றால் படுக்கை, சாப்பாடு, குதிரைக்கு லாயம். 1170-ல் கெண்டில் உள்ள கேன்டர்பரி பேராலயத்துக்குள் அதன் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டு, புனிதராகப் போற்றப்பட்ட பிறகு அங்கே யாத்திரை போனவர்கள் கூட்டம் நூற்றாண்டுக் கணக்கில் குறையவே இல்லை, அவர்களுக்கு ராத்தங்கல் வேண்டுமே!

அப்புறம் குதிரைகள் இழுத்த கோச்சு வண்டிக் காலம். லண்டனிலிருந்து கெண்டின் துறைமுகமான டோவருக்குப் போகும் சாலையில் சில மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றியாக வேண்டும். பழைய இன் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள்: கட்டடத்தின் நடுவில் வண்டி அப்படியே உள்ளே நுழையும் அளவுக்கு உயரமான வளைவு, அதைத் தாண்டினால் முற்றம், சுற்றிலும் லாயங்கள். இன்று பல இடங்களில் அந்த முற்றம்தான் கார் பார்க்கிங். 1844-ல் டோவருக்கு ரயில் வந்தது, சாலையோர இன்களின் பிழைப்பில் மண் விழுந்தது. ஹோட்டல்கள் ஸ்டேஷன் பக்கம் முளைத்தன.

சின்ன பப்கள் பெருகியதற்கு 1830-ஆம் வருடத்து பீர் சட்டம் முக்கியக் காரணம். வரி கட்டும் எவரும் இரண்டு கினி (பழைய ஆங்கிலேயப் பணம்) கொடுத்து லைசென்ஸ் வாங்கித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றானது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடி கெண்டிலேயே விளைந்தது. கெண்டின் ஃபேவர்ஷாம் ஊரில் இன்றும் பீர் காய்ச்சுகிறார்கள். பப் வாசலில் 'ஒயிட் ஹார்ட்' (வெள்ளை மான்) என்று பலகை பார்த்தால், அந்த வெள்ளை மான் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சின்னம்.