ஈரமும் குளிருமான இடத்தில் ஹைப்ரிட் செடி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘பூஞ்சை எதிர்ப்பு ஹைப்ரிட்’ என்று போட்டிருந்த தக்காளி விதையை நம்பி முப்பது செடி வைத்தேன். எங்கள் பக்கம் குளிர், எப்போதும் தூறல். ஒரு வார மழையில் இலை கருகி, காய் பழுப்பாகி, எல்லாம் போய்விட்டது. விற்றவரோ, “எதிர்ப்பு என்றுதான் போட்டோம், நோயே வராது என்று போடவில்லை” என்கிறார். என் மேல்தான் தப்பா?

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. முப்பது செடியை நாற்றிலிருந்து வளர்த்துக் கண்ணெதிரே கருக விடுவது என்ன வேதனை என்று எனக்குத் தெரியும். இந்த ‘எதிர்ப்பு’ என்ற சொல்மேல் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வந்தது பின்பருவக் கருகல் நோய். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே கிருமிதான். ‘ஃபைட்டோப்தோரா’ என்று பெயர். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் இது பூஞ்சை இனமே இல்லை, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு வகை. பொட்டலத்தின் பின்பக்கம் வி, எஃப், என் என்று சின்ன எழுத்துகள் இருந்தனவா? பெரும்பாலும் இருக்கும். வி என்றால் வெர்டிசிலியம், எஃப் என்றால் ஃபியூசேரியம். இரண்டும் மண்வழியாக வரும் வாடல் நோய்ப் பூஞ்சைகள். என் என்பது வேரைத் தாக்கும் நூற்புழு. அந்த எழுத்துகளை வைத்து முன்பக்கம் ‘பூஞ்சை எதிர்ப்பு’ என்று அச்சடித்தால் அது பொய்யாகாது. ஆனால் காற்றில் பறந்து வந்து நனைந்த இலையில் இறங்கும் கருகலுக்கு அந்த எதிர்ப்பால் துளிப் பயனும் இல்லை. ஈரமான இடத்துக்காரர் எதற்குப் பயந்து விதை தேடுகிறார் என்பது விற்பவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்தப் பொதுச்சொல்லை மட்டும் போட்டு விற்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

இனி வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: “எந்த நோய்க்கு எதிர்ப்பு?” கருகலுக்கு என்றால் ‘பிஎச்-2’, ‘பிஎச்-3’ என்ற மரபணுக்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் நல்லது. மவுண்டன் மேஜிக், அயர்ன் லேடி போன்ற ரகங்களில் இரண்டும் உண்டு. பொட்டலத்தில் ‘எச்ஆர்’ என்றிருந்தால் உயர் எதிர்ப்பு, ‘ஐஆர்’ என்றிருந்தால் இடைநிலை எதிர்ப்பு. எச்ஆர் என்றாலும் நோயே வராது என்று பொருளில்லை. ஆனால் ஒரே வாரத்தில் முப்பதும் போகாது.

பொட்டலத்தையும் ரசீதையும் பத்திரமாக வைத்து, குவியல் எண் (லாட் நம்பர்) தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். எந்த நோய்க்கான எதிர்ப்பு என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அமைப்பிடம் போங்கள்.

கேள்வி: போன வருடம் அருமையாகக் காய்த்த எஃப்1 செடியிலிருந்து விதை எடுத்துப் போட்டேன். இப்போது செடிக்கு ஒரு மாதிரி காய்க்கிறது. போன வருடம் எனக்குக் கலப்பட விதையை விற்றுவிட்டார்களா?

பதில்: இல்லை. எஃப்1 என்பது இரண்டு தனித் தாய்தந்தை வரிசைகளைக் கலந்த முதல் தலைமுறை. அதன் விதையில் குணங்கள் பிரிந்துபோகும், நோய் எதிர்ப்பும் எல்லாச் செடிக்கும் வராது. ஒவ்வொரு வருடமும் புது விதை வாங்க வேண்டும். அது பிடிக்கவில்லை என்றால் விதை எடுக்கக்கூடிய நாட்டு ரகத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ‘55 நாளில் அறுவடை’ என்று போட்டிருந்தது. விதைத்து 80 நாளாகியும் பூ உதிர்கிறதே தவிரக் காய் இல்லை.

பதில்: தக்காளிக்கு அந்த நாள்கணக்கு பொதுவாக நாற்று நட்ட நாளிலிருந்து, அதுவும் இதமான வெயிலில். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் பூ காய் பிடிக்காமல் உதிரும். அடுத்த முறை பெரிய பழ ரகத்தை விட்டுவிட்டுச் செர்ரி தக்காளி வாங்குங்கள், குளிரில் அதுதான் சீக்கிரம் பழுக்கும்.

கேள்வி: மழைக்கு மறைப்பாக ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் குடில் வாங்கலாமா?

பதில்: மேலே திறப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கினேன். முன்பக்கம் ஒரு ஜிப், அவ்வளவுதான். காலையில் உள்ளே போனால் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகச் செடிமேல் தண்ணீர். மழையை வெளியே நிறுத்திவிட்டு உள்ளேயே இன்னொரு மழையை உண்டாக்கிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் தண்டெல்லாம் சாம்பல் பூஞ்சை. முழுப்பணமும் வீண். செடிக்கு வேண்டியது தலைக்குமேல் கூரையும் பக்கவாட்டில் காற்றும். நான்கு கழியும் ஒரு பாலித்தீன் விரிப்பும் அந்தக் குடிலைவிட மேல்.

கேள்வி: கருகல் வந்த பிறகு போர்டோ கலவை தெளித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. போர்டோ கலவை ஒரு செம்பு மருந்து. அது வருமுன் காப்பது மட்டும்தான்.

கேள்வி: சட்டப்படி வளர்க்கலாம் என்ற நாட்டில் இருக்கிறேன். ஈரக் குளிருக்கென்றே உருவாக்கிய ஹைப்ரிட் கஞ்சா விதை, பூஞ்சையே பிடிக்காது என்று ஒரு தளத்தில் விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சட்டத்தை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் 3 செடி வரை வளர்க்கலாம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி உரிமமில்லாமல் வளர்ப்பது குற்றம். விற்கும் தளம் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லாது.

விதை விஷயத்துக்கு வந்தால், ‘பூஞ்சையே பிடிக்காது’ என்ற வரியை நம்ப வேண்டாம். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் கெடுக்கும் அதே சாம்பல் பூஞ்சைதான் இதன் பூவையும் உள்ளிருந்து அழுக வைக்கும். பூ எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஆபத்து. இரவு நீளும்போது பூக்கும் செடி என்பதால், வெளியில் வைத்தால் முற்றும் நேரமும் இலையுதிர்கால மழையும் பனியும் ஒன்றாக வந்து சேரும். விளம்பரப் படத்தில் இருப்பதோ கல்லுமாதிரி இறுகிய பூ. அடர்த்தியான பூவும் வேண்டும், ஈரத்தில் அழுகவும் கூடாது என்று இரண்டையும் சேர்த்து வாக்குக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: உட்புறத் தோட்டத்துக்கு விலை குறைவு என்று மூன்று குட்டி டீஹியூமிடிஃபையர் வாங்கினேன். விவரமெல்லாம் படிக்கவில்லை. ஈரம் குறையவே இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: படிக்காமல் ஒன்று வாங்கலாம். மூன்று வாங்கினால் நான் என்ன சொல்ல? அந்தக் குட்டிப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் தண்ணீர்தான் எடுக்கும். பெட்டியிலேயே மில்லிலிட்டர் கணக்கில் போட்டிருக்கும், பாருங்கள். சொன்ன அளவு எடுத்தால் பொருளில் குறையில்லை. திருப்பித்தரும் கெடு தாண்டவில்லை என்றால் இன்றே அனுப்பிவிடுங்கள். அப்புறம் வாங்குவதானால் இதையும் கவனியுங்கள்: கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே சோர்ந்துபோகும், குளிர் அறைக்கு ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிக்கன்ட் வகைதான் சரி.

கேள்வி: இரண்டு ஈரப்பதமானி வைத்திருக்கிறேன். ஒன்று 62 காட்டுகிறது, இன்னொன்று 78. எது சரி?

பதில்: ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரக்குழம்பாக்குங்கள், கரைந்துபோகக் கூடாது. அதையும் இரண்டு மானிகளையும் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து இரவு முழுக்க விடுங்கள். அறை வெப்பத்தில் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்கும். காலையில் 75ஐ ஒட்டிக் காட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றது எத்தனை தள்ளிக் காட்டுகிறதோ அதை அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிட்டால் அதையும் பயன்படுத்தலாம்.