டிப் போடக் கொடுக்காதீர்கள்: பாட்டியின் பாரிஸ் ப்ரோச்சுக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. 1950-களில் பாட்டிக்காக பாரிஸிலிருந்து ஒரு ப்ரோச்சும் முத்துமாலையும் வாங்கி வந்தாராம். தங்கமில்லை, கில்ட்டுதான். இப்போது ப்ரோச்சின் ஊசிப் பக்கம் பச்சையாகப் பூத்திருக்கிறது. வெள்ளைக் கற்களில் நாலைந்து கறுத்துவிட்டன. வீட்டுக்கு வந்து பாலிஷ் போடும் ஒருவர், "டிப் விட்டு மேலே ஒரு கோட் கோல்டு ஏத்திட்டா புதுசாயிடும்" என்கிறார். தங்கை கல்யாணத்துக்குப் போட ஆசை. அவரிடம் கொடுக்கலாமா, இல்லை நானே புளி போட்டுக் கழுவலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. இரண்டில் புளியாவது பரவாயில்லை, அதற்கு நகை மேல் ஆசை கிடையாது. அந்த ஆளைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் கல்.

உங்கள் ப்ரோச்சில் இருப்பது கண்ணாடி. அதில் குறைவு ஒன்றுமில்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் ஸ்த்ராஸ் என்ற நகைக்காரர் ஈயம் கலந்த கண்ணாடியை வைரம்போல மின்ன வைத்துப் பேர் வாங்கியவர். இந்த மாதிரிக் கற்கள் ஜொலிப்பதற்குப் பாதிக் காரணம் முதுகில் இருக்கும் பூச்சு. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பூசியிருப்பதுபோலத்தான். ஈரம் பின்னால் இறங்கினால் ரசம் போய்விடும், கல் கறுக்கும். கறுப்பு முதுகில் இருக்கும்போது முகத்தைத் தேய்த்து என்ன பயன்? அந்த நாலைந்து கற்களும் போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் இப்போது வேலை. பரதநாட்டிய கெம்பு செட்டுகளிலும் இதே கதைதான். அரங்கேற்றம் முடிந்த கையோடு சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, "கல்லெல்லாம் ஏன் செத்துப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஆகவே தண்ணீரில் முக்கக் கூடாது, குழாயடியில் காட்டக் கூடாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வைத்திருக்கும் அதிர்வு மெஷினில் போடவும் கூடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கல்லின் பின்பக்கம் திறந்திருந்து, நாலு கால் மட்டும் கல்லைப் பிடித்திருந்து, பூச்சும் இல்லாமல் இருந்தால் அந்த நகையை லேசான சோப்புத் தண்ணீரில் சட்டென்று அலசி எடுக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைக் கல்லுக்குப் பின்னால் பிடியுங்கள். வெளிச்சம் கல் வழியாக முன்னால் வந்தால் பூச்சு இல்லை. வராவிட்டால் இருக்கிறது. பின்பக்கம் ஓட்டை தெரிவதால் மட்டும் பூச்சு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஓட்டை வழியாகப் பார்த்தால் வெள்ளியோ தங்க நிறமோ பளபளத்தால் அதுதான் பூச்சு. ஒரு கல்லைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படியே என்றும் நினைக்காதீர்கள், ஒரே ப்ரோச்சில் பெரிய கல் பூச்சோடும் சின்னக் கல் பூச்சில்லாமலும் இருக்கும். ஒவ்வொரு கல்லாக டார்ச் அடிக்க வேண்டும். உங்களுடையதில் ஏற்கெனவே கற்கள் கறுத்திருப்பதால் இந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

இனி பச்சை. அது களிம்பு. செம்போ பித்தளையோ உள்ள இடத்தில் ஈரமும் வியர்வை உப்பும் சேர்ந்தால் வரும். நமக்குக் கடல் காற்று வேறு, அலமாரிக்குள் வைத்தாலும் விடாது.

வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு, ப்ரோச்சைக் கல் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஊசிப் பக்கம் மேலே வரத்தான் இந்தக் கவிழ்ப்பு. முதலில் குழந்தைகள் பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டுங்கள். காய்ந்த களிம்பை மரப் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஊசி, பிளேடு கூடாது. மிச்சத்துக்கு, காது குடையும் பட்ஸை வெள்ளை வினிகரில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் பச்சை மேல் மட்டும் உருட்டுங்கள். பஞ்சில் பச்சை வரும்வரை செய்யலாம். பச்சை நின்று கறுப்பாக வர ஆரம்பித்தால் உலோகமே கழன்று வருகிறது என்று அர்த்தம், அத்தோடு நிறுத்துங்கள். பிறகு வெறும் தண்ணீர் தொட்ட பட்ஸ், அப்புறம் காய்ந்த பட்ஸ். இரவு முழுக்க ஃபேனடியில் இருக்கட்டும். வெயிலும் ஹேர் டிரையர் சூடும் கல்லைப் பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும். பல் பேஸ்ட், விபூதி, எலுமிச்சை எல்லாம் குத்துவிளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

களிம்பு போன இடத்தில் முலாம் போய் அடி உலோகம் தெரிந்தால் தெரியட்டும். பின்பக்கம்தானே.

இப்போது அந்த டிப் ஆள். டிப் என்று அவர் சொல்வது ஆசிட். பழைய ப்ரோச்சுகளில் பலவற்றின் அடி உலோகம் ஈயமும் தகரமும் துத்தநாகமும் கலந்தது, ஆசிட் அதை அரித்துவிடும். பிறகு சக்கரத்தில் தேய்ப்பார்கள், நுணுக்கமான பூ வேலை மழுங்கும். அதன் பிறகு முலாம் தொட்டி. அந்தக் கரைசல் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் புகும், கல்யாணத்துக்குள் மிச்சக் கற்களும் கறுக்கும். முறையாக முலாம் போட வேண்டுமானால் கற்களையெல்லாம் கழற்றிவிட்டுப் போட்டு, மறுபடி பதிக்க வேண்டும். அவர் கேட்கிற கூலிக்கு அதை யார் செய்வார்கள்? பெரும்பாலும் அவர் செய்வதும் இல்லை. உங்களிடம் வாங்கி வேறெங்கோ கொடுத்து நடுவில் கமிஷன் பார்ப்பவர். கல் மாறி வந்தாலும் "அப்பவே அப்படித்தான் இருந்துச்சு" என்பார். இதே மாதிரி ஆட்களிடம் தங்கச் சங்கிலியைக் கொடுத்தவர்கள் கதை ஊருக்கே தெரியும்: தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தில் முக்குவார்கள், சங்கிலி பளபளவென்று வரும், எடை குறைந்து வரும்.

இன்னொரு ரகம், "இது வெறும் பித்தளைம்மா" என்று எடைக்குக் கேட்பவர்கள். அவர்களிடம் பேசுவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊசிக் கொக்கியின் ஓரம், ஊசித் தண்டு இரண்டையும் பாருங்கள். கழுகுத் தலை முத்திரை இருந்தால் அது பிரெஞ்சு அரசின் 18 காரட் தங்க முத்திரை. தலைக்கவசம் போட்ட பெண் முகம் இருந்தால் வெள்ளி. இரண்டும் 1838 முதல் அங்கே புழக்கத்தில் இருப்பவை. கில்ட்டு என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வெள்ளியைக் கொடுத்துவிட்டவர்கள் உண்டு.

பிரெஞ்சுக்காரன் நாட்டில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் தண்டுக்கும் ஒரு முத்திரை. நம் நாட்டிலும் தங்கத்துக்கு 2023 ஏப்ரல் முதல் எச்யூஐடி என்று ஒவ்வொரு நகைக்கும் தனியாக ஆறு எழுத்து-எண் அடையாளக் குறி கட்டாயம், நல்லது. கில்ட்டுக்கும் கவரிங்குக்கும்? பக்கத்திலேயே கவரிங்குக்குப் பேர்போன சிதம்பரம் இருக்கிறது, எங்கள் கடலூர் மாவட்டத்தில் கவரிங் நுழையாத வீடு கிடையாது. முலாம் எவ்வளவு கனம், உள்ளே நிக்கல் இருக்கிறதா என்று எழுதித் தரும் கடை ஒன்றை நான் பார்த்ததில்லை. கழுத்தில் அரிப்பு வந்து தோல் டாக்டரிடம் போன பிறகுதான் நிக்கல் என்று தெரிய வருகிறது. கேரண்டி கார்டில் வியர்வை படக்கூடாது என்று போட்டிருக்கும். கடலூர் மே மாதத்தில் வியர்வை படாமல் நகை போடுவது எப்படி என்றும் போட்டிருந்தால் தேவலை. புகார் சொல்லப் போனால் பில் எங்கே என்பார்கள். பில் தராததுதானே புகாரே!

சரி, முத்துமாலைக்கு வருகிறேன். அது அநேகமாகக் கண்ணாடி மணிக்கு மேல் மீன் செதிலிலிருந்து எடுத்த பளபளப்பைப் பூசியது. வினிகர், சென்ட், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் அருகில் வரக் கூடாது. பிழிந்த மெல்லிய துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, தட்டையாக விரித்துக் காய வையுங்கள், நூல் நனைந்தால் தொய்யும். இத்தனை வருட நூலை நம்பிக் கல்யாணக் கூட்டத்தில் போடாதீர்கள். முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோர்ப்பவரிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் முத்துகளை எண்ணிப் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

கறுத்த கற்களை மாற்ற வேண்டுமா என்றால், என் விருப்பம் அப்படியே விடுவதுதான். புதுக் கல் பக்கத்துக் கல்லைக் காட்டிக் கொடுத்துவிடும்.

புடவை, பூ, சென்ட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ப்ரோச்சைத் தோள் மடிப்பில் குத்துங்கள். அந்தக் காலத்துக் கொக்கிகளில் பலவற்றுக்குப் பூட்டு இருக்காது. ஊசி முனையில் தோட்டுக்குப் போடும் ரப்பர் புஷ் ஒன்றை மாட்டிவிட்டால் நழுவாது. கழற்றியதும் காய்ந்த துணியால் துடையுங்கள். வெல்வெட் பெட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும், நகைக்கடை ரோஸ் தாள் ஈரத்தில் சாயம் விடும், இரண்டும் வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். ப்ரோச்சுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று தனித்தனிக் கவர். அந்துருண்டை போட்ட பீரோ தட்டில் வைக்காதீர்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஜெல் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.